ஏழு நாள் ஊசியும் அடைபட்ட மரபணுக்களும்

அசாசைற்றிடின் என்ற பெயர் என் பெரியப்பாவின் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. டொக்டரின் கையெழுத்தில் அதை வாசித்தெடுப்பதே ஒரு வேலை. நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற ஆள், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது பெரிய வருத்தம் வந்தால், டொக்டர் சொன்னதை வீட்டுக்கு விளங்கப்படுத்துவது உயிரியல் வாத்தியாரின் பொறுப்பு என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கொஞ்ச நாளாக அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசித்ததை இங்கே போட்டுவைத்தால், இதே ஊசிக்கு வன்னியிலிருந்து போய்வருகிற வேறு யாருக்காவது உதவும்.

பெரியப்பா எழுபது தாண்டியவர். முரசுமோட்டையில் இரணைமடுத் தண்ணீரை நம்பி நெல் செய்கிறவர். போன காலபோகத்தில் வரம்பில் நடக்கவே மூச்சு வாங்குது என்றார், வயது என்று விட்டுவிட்டோம். பிறகு பல் துலக்கும்போது ரத்தம், கையில் காரணமே இல்லாமல் கண்டல். ரத்தத்தைச் சோதித்தால் செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு (பிளேட்லட்) மூன்றுமே குறைவு. எலும்பு மச்சையைக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு மயலோடிஸ்பிளாஸ்ரிக் சின்ட்ரோம் என்றார்கள், அதுவும் ஆபத்துக் கூடிய வகை. மச்சையில் கலங்கள் உருவாகத்தான் செய்கின்றன, ஆனால் கோணலாக, சரியாக முற்றாமல், பெரும்பாலானவை ரத்தத்துக்கு வந்து சேருமுன்பே செத்துப்போகின்றன. முற்றாத கலங்கள் மச்சையில் 20 சதவீதத்தை எட்டினால் அதற்குப் பெயரே மாறிவிடும், லியூக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்.

இதற்குத்தான் அசாசைற்றிடின் ஊசி. இரண்டு சுற்று, அதாவது ஏழு நாள் வீதம் இரண்டு தடவை, முடிந்த பிறகு அக்கா, அதாவது பெரியப்பாவின் மூத்த மகள், போன் எடுத்தார். “என்ன தம்பி, ஊசி போடமுதல் இருந்ததைவிட இப்ப பிளேட்லட் இன்னும் இறங்கிப்போச்சு. மருந்து பிடிக்கேல்ல எண்டுதானே அர்த்தம்? இதை விட்டுட்டு வேற ஏதும் பார்ப்பமோ?”

நியாயமான கேள்வி. வேறு எந்த மருந்தாக இருந்தாலும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை இரண்டு சுற்றில் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏன் முடியாது என்பது அது கலத்துக்குள் வேலை செய்கிற விதத்திலேயே இருக்கிறது. அதை அக்காவுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக.

உடம்பிலுள்ள கலங்களுக்கெல்லாம் டி.என்.ஏ ஒன்றுதான் (செங்குழியம் முற்றியதும் கருவையே துறந்துவிடும், அதை விடுங்கள்). தோலும் ஈரலும் நரம்பும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், சுமார் 20,000 மரபணுக்களில் எவை வாசிக்கப்படுகின்றன, எவை மூடிக்கிடக்கின்றன என்பதுதான். மூடுவதற்குக் கலத்திடம் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று மெதைல் கூட்டம்: ஒரு காபனும் மூன்று ஐதரசனும், அவ்வளவு சின்னது. டி.என்.ஏ-யில் சைற்றோசினுக்கு அடுத்தாற்போல் குவானின் வருகிற இடங்களில் அந்தச் சைற்றோசின்மேல் இது ஒட்டும். ஒரு மரபணு தொடங்குகிற பகுதியில் இப்படி நெருக்கமாக ஒட்டினால் அந்த மரபணு வாசிக்கப்படாது. எழுத்தில் ஒரு பிழையும் இருக்காது, ஆனாலும் வாசிப்பார் இல்லை. இந்த மெதைல் அடையாளம் கலம் பிரியும்போது மகள் கலங்களுக்கும் கைமாறக்கூடும் என்று 1975-ல் ஆதர் ரிக்ஸும், ரொபின் ஹொலிடேயும் ஜோன் பியூவும் தனித்தனியாக எழுதினார்கள். அப்போது அது ஊகம்தான், பிறகு உண்மை என்று நிரூபணமானது.

புற்றுநோயில் இந்த ஒழுங்கு இரண்டு பக்கமும் கெட்டுப்போகிறது. 1983-ல் ஃபைன்பேர்க்கும் வோகல்ஸ்ரைனும் புற்றுக் கலங்களில் மெதைல் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பிறகு பார்த்தால், மொத்தத்தில் குறைந்திருந்தாலும் சில மரபணுக்களின் வாசலில் மட்டும் தேவைக்கு மேல் குவிந்திருக்கிறது. கலம் கண்டபடி பிரியாமல் தடுக்கிற பி16 என்ற மரபணு பல புற்றுநோய்களில் இப்படி மெதைலால் அடைபட்டுக்கிடப்பது 1995-ல் தெரியவந்தது. இதைக் கண்டதும் ஆராய்ச்சியாளர்களுக்கு வாயூறியதில் வியப்பில்லை. மரபணுவின் எழுத்தே மாறிவிட்டால், அதாவது விகாரமடைந்துவிட்டால், திருத்துவது பெரும்பாடு. ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டால் போதும் என்றால் அது வேறு கதை.

சரி, எப்படி எடுப்பது? இங்கேதான் அசாசைற்றிடினின் கெட்டித்தனம். உண்மையில் அது ஒட்டியிருக்கிற எதையும் எடுப்பதில்லை.

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம், பெரியப்பாவுக்கு நான் சொன்னதும் இப்படித்தான். ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வரம்பு கட்டுகிறோம், வக்கடை (வரம்பில் தண்ணீர் போகிற வாய்) திறந்தபடி இருக்கிறது, எந்த வக்கடையை அடைக்கவேண்டும் என்று தெரிந்த ஒருவன் பழைய வரம்பைப் பார்த்துப் பார்த்து அதே இடங்களில் மண் போட்டு அடைத்துக்கொண்டு போகிறான். கலம் பிரியும்போதும் இதுதான் நடக்கிறது. டி.என்.ஏ பிரதியாகிறது, புதிய இழையில் மெதைல் கிடையாது, டி.என்.எம்.ரி.1 என்கிற நொதியம் பழைய இழையைப் பார்த்து அதே இடங்களில் புதிய இழைக்கும் மெதைல் போடுகிறது. அசாசைற்றிடின் தோற்றத்தில் சைற்றிடினைப் போலவே இருக்கும், ஒரே ஒரு வித்தியாசம், வளையத்தில் ஐந்தாம் இடத்தில் காபனுக்குப் பதில் நைதரசன். மெதைல் ஒட்டவேண்டிய இடமே அதுதான். பிரதியாகும்போது கலம் ஆள் தெரியாமல் இதையும் புதிய இழையில் கோர்த்துவிடும். மெதைல் போட வந்த நொதியம் அதில் கை வைக்கும், வைத்த கையை எடுக்க முடியாமல் பிணைந்துபோகும். பிணைந்த நொதியத்தைக் கலம் பிறகு சிதைத்துக் கழித்துவிடும். அடைக்கிறவன் சேற்றில் புதைந்துவிட்டான், வக்கடைகள் திறந்தபடியே கிடக்கின்றன. அடுத்த பிரிவில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

“அப்ப அவன் திரும்பி வந்தா அடைச்சுப்போடுவான்தானே?” என்று பெரியப்பா கேட்டார். என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கேட்டால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன். ஆம், மருந்தை நிறுத்தினால் கலம் புதிய நொதியத்தைச் செய்துகொள்ளும், மெதைலும் மெல்ல மெல்லத் திரும்பிவரும். அதனால்தான் இதை ஒரு சுற்றோடு விடுவதில்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். அசாசைற்றிடினில் டி.என்.ஏ-க்குள் போய்ச்சேர்வது சிறு பங்குதான், பெரும்பங்கு ஆர்.என்.ஏ-க்குள் போகிறது. ரத்தத்திலும் அது நிற்பதில்லை, முக்கால் மணித்தியாலத்துக்குள் பாதி போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எந்தக் கலம் டி.என்.ஏ-யைப் பிரதிபண்ணிக்கொண்டிருக்கிறதோ அதில் மட்டுமே ஏறும். மச்சையிலுள்ள நோய்க் கலங்கள் எல்லாம் ஒரே நாளில் பிரிவதில்லை. ஆகவே தினமும் ஒரு தடவை, ஏழு நாள், பிறகு 28-ம் நாள் வரை ஓய்வு, மறுபடி ஏழு நாள். ஒரு சுற்றில் அகப்படாதவை அடுத்ததில் அகப்படும், அகப்பட்டவற்றின் மகள் கலங்களில் மெதைல் படிப்படியாகக் குறையும். இதற்கிடையில் நல்ல கலங்களும் அடிபடும். நோய்க் கூட்டம் சுருங்கி, மிச்சமிருக்கிற நல்ல மூலக் கலங்கள் மச்சையில் இடம்பிடித்து, அதன் விளைவு ரத்த ரிப்போட்டில் தெரிய மாதங்கள் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு சுற்றில் எண்ணிக்கை இறங்குவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். பலன் கிடைக்கிறவர்களில் அநேகருக்கு அது ஆறு சுற்றுக்குள் தெரியவருகிறது, அதனால்தான் குறைந்தது ஆறு சுற்றாவது போட்டுப்பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

2009-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, ஆபத்துக் கூடிய வகை நோயாளிகள் 358 பேர். அசாசைற்றிடின் போட்டவர்களின் நடுமட்ட ஆயுள் 24.5 மாதம், வழமையான சிகிச்சை பெற்றவர்களுடையது 15 மாதம். இரண்டு வருட முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஒரு பக்கம் கிட்டத்தட்டப் பாதி, மறுபக்கம் கால்வாசி. அந்த ஆய்வில் நடுமட்டமாக ஒன்பது சுற்றுப் போட்டிருந்தார்கள். இரண்டோடு நிறுத்தியிருந்தால் அந்த இலக்கங்கள் வந்திருக்காது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது 24.5 என்ற எண்ணை. “ரெண்டு வருசம்தானோ?” என்றார். நடுமட்டம் என்றால் பாதிப்பேர் அதற்கு மேலேயும் இருந்தார்கள் என்று அர்த்தம் அக்கா, என்றேன். அது உண்மைதான், ஆனால் போதுமான பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த மருந்தின் பழைய கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1964-ல் பிராக் நகரத்தில் பிஸ்கலாவும் ஷோர்மும் இதை முதலில் தயாரித்தார்கள். அப்போது மெதைல் பற்றிய யோசனையே இல்லை, கலத்தைக் கொல்கிற இன்னொரு நஞ்சு என்றே எண்ணினார்கள். அதனால் எழுபதுகளில் லியூக்கீமியா நோயாளிகளுக்குத் தாங்கக்கூடிய உச்ச அளவு வரை ஏற்றிப் பார்த்தார்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தன, மச்சை ஒடுங்கியது. மருந்து ஓரங்கட்டப்பட்டது.

அதே காலத்தில் பீற்றர் ஜோன்ஸ் என்பவர் எலி முளையத்திலிருந்து எடுத்த கலங்களுக்கு இதைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மருந்தைக் கழுவியெடுத்துப் பல நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் நீளநீளமாகத் தசை நார்கள், அதுவும் தாமாகவே துடிக்கிற நார்கள். அந்தக் கலங்கள் தசைக் கலங்களே அல்ல. இன்னும் சில கொழுப்புக் கலங்களாகவும் கசியிழையமாகவும் மாறியிருந்தன. 1977-ல் தசைச் செய்தி ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. 1980-ல் ஜோன்ஸும் ஷேர்லி ரெய்லரும் காரணத்தை எழுதினார்கள்: மருந்து மெதைலைக் குறைக்கிறது, மூடிக்கிடந்த மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன, கலம் தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. ஒரு தட்டில் துடித்த நார்களைப் பார்த்து ‘ஏதோ அழுக்கு விழுந்துவிட்டது’ என்று கொட்டிவிடாமல் ஏன் என்று தேடிய அந்தக் குணத்தைத்தான் நான் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறேன். சோதனைச் சித்திக்கு அது தேவைப்படாது என்பது வேறு விடயம்.

இவ்வளவுக்குப் பிறகும் கொல்லும் அளவைக் கைவிட்டுக் குறைந்த அளவுக்கு வர ஒரு தலைமுறை எடுத்தது. அசாசைற்றிடினின் கூடப்பிறந்த டெசிற்றபினை வைத்து ஜோன் பியர் இஸா குழுவினர் 2004-ல் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். சதுரமீற்றருக்கு 15 மில்லிகிராம் பத்து நாள் கொடுத்தபோது 17 பேரில் 11 பேருக்குப் பலன். அளவையோ நாட்களையோ அதற்கு மேல் கூட்டியபோது 19 பேரில் 2 பேருக்குத்தான். பின்னாளில் விளக்கம் தெளிவானது: கூடிய அளவில் கலம் பிரதிபண்ணுவதையே நிறுத்திச் செத்துப்போகும், பிரதி நடக்காவிட்டால் மெதைல் குறைய வழியில்லை. அதே 2004-ல் அசாசைற்றிடினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, டெசிற்றபினுக்கு 2006-ல். பிராக்கிலிருந்து பார்த்தால் நாற்பது வருடம்.

அடைபட்ட நல்ல மரபணு திறந்தது, புற்று அடங்கியது என்று பல இடங்களில் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. இஸா குழுவின் அதே ஆய்வில் பி15 என்ற மரபணுவில் மெதைல் எவ்வளவு இருந்தது என்றும் அளந்தார்கள். இந்த நோயில் அடைபடுவதாக முதலில் சந்தேகிக்கப்பட்ட மரபணு அது. சிகிச்சைக்கு முன்போ பின்போ அந்த அளவுக்கும் நோயாளி குணமடைவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. மருந்துக்கு நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பார்க்கத் தெரியாது, டி.என்.ஏ முழுக்க மெதைலைக் குறைத்துக்கொண்டே போகும். அப்படியிருந்தும் நோய்க் கலம் ஏன் கூட அடிபடுகிறது?

ஒரு பதில் 2015-ல் வந்தது, நான் இதைப் படித்த இரவு நித்திரை கொள்ளவில்லை. எங்கள் டி.என்.ஏ-யில் ஏறக்குறைய 8 சதவீதம் பழைய ரெற்றோவைரசுகளின் மிச்சம், மனிதன் மனிதனாகுமுன்பே முன்னோர்களின் உடம்பில் புகுந்து, அங்கேயே தங்கிப் பரம்பரை பரம்பரையாகக் கைமாறி வந்தவை. அவை எழும்பாமல் இருப்பதற்கு மெதைலும் ஒரு காரணம். பால்டிமோரில் ஒரு குழு சூலகப் புற்றுக் கலங்களிலும், ரொறன்ரோவில் ஒரு குழு பெருங்குடல் புற்றுக் கலங்களிலும் இந்த மருந்துகளைப் போட்டுப் பார்த்தன. மெதைல் குறைந்ததும் இந்தப் பழைய துண்டுகள் வாசிக்கப்படத் தொடங்கின. அதில் உருவான ஆர்.என்.ஏ இழைகள் ஒன்றோடொன்று பொருந்தி இரட்டை இழையாகின. கலத்தைப் பொறுத்தவரை இரட்டை இழை ஆர்.என்.ஏ என்றால் வைரசு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இன்ரபெரோன் எச்சரிக்கை கிளம்புகிறது. இதுவரை கண்ணில் படாமல் திரிந்த புற்றுக் கலம் நோயெதிர்ப்புத் தொகுதியின் பார்வைக்கு வந்துவிடுகிறது. வராத வைரசுக்குக் காய்ச்சல் காய்கிறது கலம்! மருந்தின் வேலை முழுவதும் இதுதான் என்று சொல்ல முடியாது. நொதியம் டி.என்.ஏ-யில் பிணைந்துகிடப்பதே ஒரு சேதம், அதுவும் பங்கு வகிக்கிறது. எந்த நோயாளியில் எது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூடுவதற்கு வேறு வழிகளும் உண்டு என்றேன் அல்லவா, அதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டி.என்.ஏ தனியாகக் கிடப்பதில்லை, ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோனின் வாலில் உள்ள லைசின் நேரேற்றம் கொண்டது, டி.என்.ஏ எதிரேற்றம், அதனால் இறுகப் பிடித்துக்கொள்ளும். வாலில் அசற்றைல் கூட்டம் ஒட்டினால் ஏற்றம் குறைந்து பிடி தளரும், மரபணு வாசிக்கப்படும். அசற்றைலைக் கழற்றுகிற நொதியத்தைத் தடுத்தால் பிடி தளர்ந்தபடியே இருக்கும் என்பது இரண்டாவது வகை மருந்துகளின் யோசனை. இதுவும் தற்செயலில் தொடங்கியது. 1971-ல் ஷார்லொட் ஃப்ரெண்ட் எலி லியூக்கீமியாக் கலங்களை டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் விட்டபோது அவை ஹீமோகுளோபின் செய்யத் தொடங்கிவிட்டன. பிரிந்துகொண்டே இருந்த புற்றுக் கலம் முற்றிச் செங்குழியத்தின் வழியில் இறங்கிவிட்டது. போல் மார்க்ஸும் இரசாயனவியலாளர் ரொனால்ட் ப்ரெஸ்லோவும் அதைத் துரத்திக்கொண்டு போய்ச் சேர்ந்த மருந்துதான் வொறினோஸ்டற், 2006-ல் ஒரு வகைத் தோல் லிம்போமாவுக்கு அனுமதிக்கப்பட்டது.

இதே நொதியத்தைத் தடுக்கிற இன்னொரு மருந்து எங்கள் பக்கத்துப் பாமசிகளில் வருடக்கணக்காக இருக்கிறது: வலிப்புக்குக் கொடுக்கிற சோடியம் வல்புரோவேற். அதற்கு இந்தக் குணம் உண்டென்று 2001-ல்தான் கண்டுபிடித்தார்கள். இதை வாசித்துவிட்டு யாரும் வாங்கி விழுங்கவேண்டாம், புற்றுநோய்க்கு அதனால் பெரிய பலன் கிடைத்ததாக நிரூபணமில்லை. கர்ப்பிணிகள் எடுத்தால் பிள்ளையின் முள்ளந்தண்டு பாதிக்கப்படக்கூடும் என்பதோ நன்றாக நிரூபணமான விடயம்.

புதியவையும் வந்திருக்கின்றன. ஈ.இசட்.எச்.2 என்ற நொதியம் ஹிஸ்டோனில் மெதைல் போட்டு மரபணுவை மூடும், அதைத் தடுக்கிற ரசெமெற்றொஸ்டற் 2020-ல் அனுமதி பெற்றது. ஐ.டி.எச் மரபணு விகாரமடைந்த சில லியூக்கீமியாக்களில் கலம் தானே ஒரு இரசாயனத்தைச் செய்து, மெதைலை நீக்குகிற நொதியத்தை முடக்கிவைத்திருக்கும். அந்தச் சுரப்பை நிறுத்த 2017-லும் 2018-லும் இரண்டு மாத்திரைகள் வந்தன. பெரியப்பாவுக்கு இவை பொருந்தாது, அதனால் நான் ஆழமாகப் போகவில்லை.

எழுத்தை மாற்றாமல் மரபணுவை மூடித் திறக்கிற இந்த விடயத்துக்கு எப்பிஜெனெடிக்ஸ் என்று பெயர். அப்படித் தேடினால் யூரியூப் முதலில் கொண்டுவந்து கொட்டுவது மஞ்சளும் பச்சைத் தேயிலையும். மஞ்சள் உங்கள் மரபணுவைத் திறக்கும் என்று ஒருவர் அரை மணித்தியாலம் பேசுகிறார். கண்ணாடித் தட்டிலுள்ள கலத்தின்மேல் மஞ்சளிலிருந்து பிரித்த குர்க்குமினை ஊற்றினால் என்னென்னவோ நடக்கும், அதே தட்டில் எதை ஊற்றினாலும் ஏதோ நடக்கும். கறியில் போடுகிற மஞ்சள் குடலைத் தாண்டி மச்சைக்குப் போய்ச்சேர்வது மிகச் சொற்பம். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஊசியை விட்டுவிட்டு ஏதோ சூரணம் எடுக்கச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார், அவருக்காகவே இந்தப் பந்தி.

இன்னொன்றும் என்னிடம் கேட்பார்கள், முக்கியமாக என் மாணவர்கள். யுத்தகாலப் பசியும் பயமும் எங்கள் மரபணுவில் எழுதப்பட்டிருக்குமா சேர்? 2009-ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி, தட்டிக்கழிக்க மனம் வராது. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சகாலத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களை அறுபது வருடம் கழித்துப் பரிசோதித்தபோது ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் மெதைல் கொஞ்சம் குறைவாக இருந்தது, 2008-ல் வெளியிட்டார்கள். வித்தியாசம் சிறிது, அதனால் யார் எப்படி வாழ்வார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வன்னிப் பிள்ளைகள் எல்லோரும் சேதமான மரபணுவோடு பிறந்தவர்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, அந்தப் பிள்ளைகளின் முன்னால் தினமும் நிற்கிறவன் நான்.

இனி, ஊசிக்குப் போகிறவர்களுக்கு.

அளவு உடல் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படும், சதுரமீற்றருக்கு 75 மில்லிகிராம். பெரியப்பா 165 சென்ரிமீற்றர், 55 கிலோ. பரப்பு ஏறக்குறைய 1.6 சதுரமீற்றர், ஒரு நாளுக்கு 120 மில்லிகிராம். ஒரு குப்பியில் 100 மில்லிகிராம் வெள்ளைத் தூள் இருக்கும், ஆக இரண்டு குப்பி உடைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் 4 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் குலுக்கினாலும் தூள் தெளிவாகக் கரைவதில்லை, கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இருக்கும். போடுவதற்குச் சற்று முன் மிஸ்ஸி ஊசிக்குழாயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பலமாக உருட்டுவார், அடியில் படிந்தது மேலே எழும்பி ஒரே சீராக வர. மொத்தம் 4.8 மில்லிலீற்றர், ஒரே இடத்தில் அவ்வளவும் போடக்கூடாது, அதனால் இரண்டு குத்து. தொடை, வயிறு, மேற்கை என்று இடம் மாற்றி, பழைய இடத்திலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி. போட்ட இடம் சிவந்து தடிக்கும், பெரியப்பாவின் வயிற்றில் ஐந்தாம் நாளில் ரூபாய்க் குற்றியளவில் செம்மை. கூடவே மலச்சிக்கல், அதையும் முன்கூட்டியே சொல்லி மருந்து வாங்கிவைப்பது நல்லது.

ஊசி போடுவது யாழ்ப்பாணத்தில். ‘குப்பியைத் தந்தால் நாங்கள் கிளிநொச்சியில் போட்டுக்கொள்ளமாட்டோமா’ என்று அக்கா கேட்டது போலப் பலரும் கேட்பார்கள். தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து இந்த மருந்து சிதையத் தொடங்கும். சாதாரண வெப்பத்தில் வைத்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது என்றே கொள்ளவேண்டும், குளிரில் வைத்தால் சில மணித்தியாலம் கூடும். கலந்ததை பஸ்ஸில் கொண்டுவருவது நடக்காத காரியம். கலக்காத குப்பியை அனுப்பலாம், ஆனால் இது கலக்கிறவரையும் பாதிக்கக்கூடிய மருந்து, அதற்கேற்ற அலுமாரியும் பழகிய ஆளும் வேண்டும்.

ஆக, பரந்தன் சந்தியில் பஸ் பிடித்து, ஆனையிறவு தாண்டி, போக வர சுமார் 130 கிலோமீற்றர், ஒரு நாள் இல்லை, சுற்றுக்கு ஏழு நாள். வெண்குழியம் குறைந்த ஒருவரை நெரிசல் பஸ்ஸில் முகமூடி போட்டு ஏற்றிக்கொண்டு. சனி ஞாயிறு போடமாட்டோம் என்பார்கள். ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, திரும்ப இரண்டு நாள் போடுகிற முறை பல நாடுகளிலும் நடைமுறையில் இருக்கிறது, அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் எங்களுக்கு ஒருமுறை நான்காம் நாள் மருந்து முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். எழுபது வயது மனிதரை அப்படித் திருப்பி அனுப்பிய இடத்தின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது. சுற்றுத் தொடங்குமுன்பே ஏழு நாளுக்கும் குப்பி கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், இரவென்றாலும் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன ஊசி போடுகிறவர் என்று கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். வயலுக்குள் இறங்குவதும் கூடாது. எலிக்காய்ச்சல் நல்ல உடம்புக்காரரையே படுக்கவைக்கும். இதைச் சொல்லிப் பெரியப்பாவை வரம்பிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருப்பது அக்காவுக்கு ஊசியைவிடப் பெரிய பாடு. வரம்பிலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீர் கட்டுகிற பெடியனைச் சத்தம் போட்டபடி இருக்கிறார்.

இது நோயை அடியோடு தீர்க்கிற மருந்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தீர்க்கக்கூடியது வேறொருவரின் மச்சை மாற்றுச் சிகிச்சை மட்டும்தான், பெரியப்பாவின் வயதில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊசி பலன் தந்தாலும் ஒரு கட்டத்தில் நோய் அதற்குப் பழகிவிடும். மார்பு, நுரையீரல், குடல் போன்ற கட்டிப் புற்றுகளில் இந்த மருந்துகள் தனியாக இதுவரை பெரிதாகச் சாதிக்கவில்லை. அங்கே கலங்கள் மெதுவாகப் பிரிகின்றன, மருந்தோ ரத்தத்தில் நிற்பதில்லை. லியூக்கீமியாவில் அசாசைற்றிடினை வெனற்றோகிளக்ஸ் என்ற மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது, கடுஞ்சிகிச்சை தாங்காத முதியவர்களின் நடுமட்ட ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாகக் கூடியது, 2020-ல் வந்த ஆய்வு.

அதே 2020-ல் வந்த இன்னொரு செய்தியைத்தான் நான் உன்னிப்பாகப் பார்க்கிறேன். டெசிற்றபினை விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும், அதனால் அது இதுவரை நாளத்தில்தான் ஏறியது. அந்த நொதியத்தைத் தடுக்கிற செடசூரிடின் என்ற பொருளையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டார்கள். ஒரு நாளுக்கு ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஐந்து நாள், 28 நாளுக்கு ஒருமுறை. முரசுமோட்டை வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே விழுங்கலாம். விலையைப் பார்த்தேன், பெரியப்பாவின் வயலை விற்றாலும் எத்தனை சுற்றுக்குக் காணும் என்று கணக்குப்போட்டு, அந்தத் தாளை அக்காவுக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டேன். எனவே இப்போதைக்கு ஊசிதான். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட மாதத்தில் பத்து நாளுக்கு வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொண்டிருக்கிறோம், நிலமட்டத்தில், படியேறத் தேவையில்லாத அறையாக. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.